ஃபௌஸ்தோ பாடிய நான்கு விரல்கள்

ஃபௌஸ்தோ மெல்லோனி இருபத்தேழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். வயது நாற்பத்தொன்பது. இத்தாலியின் பொலோன்யா நகரத்தின் வடகோடியில் வண்டியை எடுத்தால் தென்கோடி வரை போய்த் திரும்புவார். ஒரு ஷிப்டில் ஐந்து நடை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவருடைய வலது கட்டைவிரல் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதை அவசரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டிப்போவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவரைக் காட்டி, "ஒரு காலத்துல பாடகரு" என்று சொல்வது வழக்கம். நான் சேர்ந்த அன்றும் சொன்னார்கள். பாடகர் என்றால் ராப் பாடகர். 1994-இல் அவரும் லெயார்கோ பொன்ஃபாத்தி என்ற நண்பனும் இன்னொருவனும் சேர்ந்து ஒரு கேசட் போட்டார்கள். ஆறு பாட்டு. அதில் ஐந்து யாருக்கும் ஞாபகமில்லை. ஆறாவது பாட்டின் பெயர் 'பிரஸ்'.

விரலைக் காக்கும் தட்டை முதலாளி கழற்றச் சொன்னதால் தகரம் அடிக்கும் பிரஸ் மிஷினில் நான்கு விரல்களை இழந்த தந்தையைப் பற்றி மகன் பாடுகிற பாட்டு அது.

என் அப்பா ரொட்டியை இடக்கையால் அறுக்கிறார்,
வலக்கையின் நான்கு விரல் இரும்புக்குச் சோறு,
காப்புத் தட்டைக் கழற்றச் சொன்னவன்
மாடி ஜன்னலில் சிகரெட் பிடிக்கிறான்.

உள்ளூர் வானொலியில் ஒரு கோடைகாலம் முழுக்க அது ஓடியது. வேலைநிறுத்த ஊர்வலங்களில் போட்டார்கள். எங்கள் பொலொன்யீனா வட்டாரத்தில் நாற்பதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் முதல் இரண்டு வரியை ஒப்பிப்பார்கள். அடுத்த கேசட் வரவில்லை. ஃபௌஸ்தோ பேருந்து ஓட்டப் போனார். லெயார்கோ லிஃப்ட் பழுதுபார்க்கப் போனார். மூன்றாமவர் எங்கே என்று தெரியாது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வட்டார மன்றத்தில் ஒரு மேசை கூடும். அந்த மன்றம் சீட்டாடுகிறவர்களுக்கானது. ஜன்னலோர மேசை மட்டும் எப்படியோ ராப் பேசுகிறவர்களுக்கு என்று ஆகிவிட்டது. எல்லாரும் தலை நரைத்தவர்கள். ஒரே ஷிப்டு முடிந்து ஃபௌஸ்தோவோடு நடந்து வருவதால் நானும் அங்கே போய் உட்காரத் தொடங்கினேன். நான் பேசுவதில்லை. பையில் கவிதைப் புத்தகம் இருப்பதைப் பார்த்துவிட்டதால் 'கவிஞர்' என்று பெயர் வைத்து விட்டுவிட்டார்கள்.

அந்த மேசையின் பெரிய குரல் மொரேனோ சுக்கியினுடையது. குளியலறை ஓடு விற்கும் கடை வைத்திருக்கிறார். கிழக்கே ரிமினி கடற்கரையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் நியூயார்க்கின் ஒவ்வொரு தெருமுனையையும் அங்கே வீடு வீடாகப் பால் ஊற்றியவர்போலப் பேசுவார். எங்கள் ஊரில் பதினைந்து வயதிலிருந்தே நண்பர்கள் ஒருவரையொருவர் 'கிழவா' என்றுதான் கூப்பிடுவோம். இவர்களுக்கு இப்போதுதான் அது பொருந்தத் தொடங்கியிருந்தது.

"அங்க எழுதறவன் வாக்குமூலம் குடுக்கறான் கிழவா," என்பார் மொரேனோ. "இங்க எழுதறவன் கட்டுரைப் போட்டிக்கு எழுதறான்."

"அமெரிக்காக்காரன் பாட்டுல சொன்ன அத்தனை பேரையும் நெஜமாவே சுட்டிருந்தான்னா, அந்த நாட்டுல ரெக்கார்டு வாங்க ஆளே மிஞ்சியிருக்காது," என்பார் ஃபௌஸ்தோ.

"சிரி, சிரி. ஆனா அங்க ஒருத்தன் 'நான்'னு சொன்னா அது கையெழுத்து. அவன் எழுதின வரியைக் கோர்ட்டுல கொண்டுவந்து வாசிக்கறாங்க. நம்மாளுங்க வரியை எங்க வாசிச்சாங்க? முனிசிபாலிட்டி இளைஞர் விழாவுல."

"அந்தக் காலத்துல நம்ம சந்தைக்கு ஒருத்தன் வருவான். படம் எழுதின துணியைக் கம்புல மாட்டிக்கிட்டு கொலைக் கதை பாடுவான். கொலைகாரன் பேசறப்பவும் 'நான்'தான், செத்தவ பேசறப்பவும் 'நான்'தான். அவன்கிட்டப் போயி 'அண்ணே, நீ எத்தனை பேரைக் கொன்னே'ன்னு எவனாவது கேட்டானா? நம்ம ராப்பு அவனோட பேரன். உன் ப்ரூக்ளினுக்குப் பொறந்தது இல்ல."

"அப்ப அந்தத் தாளம், பீட், எங்கேர்ந்து வந்துது? மாட்டுச் சந்தையிலேர்ந்தா?"

"பீட் கடன் வாங்கினது. தக்காளி கூடத்தான் அமெரிக்காவுலேர்ந்து வந்துது. அதுக்காக சாஸை அவனுங்களுதுன்னு சொல்லுவியா?"

அப்போது அடுத்த மேசையிலிருந்து யாராவது கத்துவார்கள். "டேய் அமெரிக்காக்காரங்களா, சத்தத்தைக் கொறைங்கடா! கையில ராஜாவை வெச்சுக்கிட்டு யோசிக்க முடியல!" கையில் இருப்பதை அவரே உளறிவிட்டதால், எதிரே சீட்டுப் பிடித்திருப்பவர் உடனே ராஜாவை வெட்டும் சீட்டை இறக்குவார், சண்டை அந்தப் பக்கம் தொடங்கும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வாதம் ஒரே இடத்தில்தான் போய் முடியும். மொரேனோ கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு, இத்தாலிய ராப் மொத்தமும் இரவல் தொப்பி என்பார். ஒரே ஒரு பாட்டைத் தவிர. "'பிரஸ்' ஒண்ணுதான்யா நெஜம். ஏன்னா அந்தக் கை நெஜம். இவன் அதைப் பார்த்துக்கிட்டே தினம் சோறு தின்னிருக்கான். அதனாலதான் இவன்கூட ஒக்காந்து பேசறேன்." அந்த இடம் வந்ததும் ஃபௌஸ்தோ காபி வாங்க எழுந்து போய்விடுவார். மூன்று வருடமாக அதைக் கவனித்திருக்கிறேன். கூச்சம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மிலேனா மன்றத்துக்கு வந்தார். ரயில் பாதைக்கு அப்பாலுள்ள ஒரு உலோகத் தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதி. வெயிலில் நடந்து வந்த முகம். நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஃபௌஸ்தோ நீங்கதானே? மே ஒண்ணாந்தேதி காலையில எங்க கேட்டு முன்னாடி கூட்டம். இந்த வருஷம் பிரஸ் செக்ஷன்ல ரெண்டு விபத்து ஆயிடுச்சு. நீங்க வந்து அந்தப் பாட்டைப் பாடணும்."

ஃபௌஸ்தோவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக அவரை யாரும் பாடக் கூப்பிட்டதில்லை.

"பாடறேன்," என்றார். யோசிக்கவே இல்லை.

"அப்பா இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. மேடையில உங்க பக்கத்துல நிக்கட்டும். அது போதும், நான் பேசவே வேண்டாம்."

அவர் போனதும் மொரேனோ மேசையை ஓங்கித் தட்டினார். "கேட்டியா கிழவா! அப்பாவுக்கு நல்ல கோட்டு ஒண்ணு எடு. கை நல்லாத் தெரியறா மாதிரி கோட்டுக் கையைக் கொஞ்சம் குட்டையா தைக்கச் சொல்லு."

ஃபௌஸ்தோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பாவுக்குப் பத்து விரலும் இருக்கு, மொரேனோ."

மொரேனோ சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்பது தெரிய அவருக்குச் சற்று நேரமானது.

ஃபௌஸ்தோ எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய தந்தை கொர்ராதோ, நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவேடு எழுதியவர். இரும்பையே தொட்டதில்லை. விரல் இழந்தவர் லெயார்கோவின் தந்தை. லெயார்கோ பீட் செய்வார். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். 'பிரஸ்' பாட்டின் பீட்தான் முதலில் வந்தது. எங்கள் நாட்டில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: மெட்டுக்கு முதலில் போலி ஆங்கிலத்தைப் போட்டு நிரப்புவார்கள். ஆங்கிலம்போல ஒலிக்கும், ஒரு சொல்லுக்கும் பொருள் இருக்காது. ஓசை சரியாக உட்கார்ந்த பிறகு இத்தாலியச் சொற்களைத் தேடுவார்கள். ஃபௌஸ்தோவும் அப்படித்தான் உளறிப் பதிவு செய்தார். கேட்டவர்களெல்லாம் பிரமாதம் என்றார்கள். ஆனால் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாதம் தேடினார். ஒரு நாள் லெயார்கோ வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய அப்பா இடக்கையால் ரொட்டி அறுத்தார். திரும்பும்போது படிக்கட்டில் வைத்து லெயார்கோ விபத்தைச் சொன்னார். ஃபௌஸ்தோ அன்றே எழுதிவிட்டார். சொற்கள் பூட்டில் சாவிபோலப் பீட்டில் உட்கார்ந்தன.

"லெயார்கோதான் 'எடுத்துக்கோ'ன்னான். கேசட்டுல ஆளாளுக்குப் பேரு போடல, குழுப் பேரு மட்டும்தான். அன்னைக்கு 'நான்'னா நாங்க மூணு பேரும். அப்புறம் ரேடியோவுல கேட்டாங்க, 'உங்க அப்பா எப்படி இருக்காரு'ன்னு. 'பரவாயில்ல'ன்னேன். அவ்வளவுதான். அங்கேர்ந்து திரும்பி வர வழி தெரியல."

மொரேனோ மெதுவாகக் கேட்டார். "அதாவது, மொதல்ல உளறல்."

"ஆமா."

"அந்த உளறலை நெரப்ப ஒரு கை தேவைப்பட்டுது."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்றது? இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பாட்டை வெச்சுத்தான் மத்த எல்லாத்தையும் போலின்னு சொல்லிட்டிருந்தேன். தராசுல கல்லே பொய்க்கல்லுன்னு இப்ப சொல்றே."

"'நான்'ங்கிறது ஒரு சட்டை மாதிரி கிழவா. அந்தப் பாட்டுல யாருக்கு..."

"விரல் சட்டை இல்லடா," என்றார் மொரேனோ. குவளையில் பாதி ஒயின் அப்படியே இருந்தது. எழுந்து போனார். அடுத்த மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை. அவர் இல்லாத மேசையில் இரண்டு பக்கமும் பேச ஆளில்லாமல் கால்பந்து பேசினார்கள்.

அந்தச் சண்டைக்கு மறுநாள் ஃபௌஸ்தோ தம் தந்தையைப் பார்க்கப் போனார். அங்கே நடந்ததை டிப்போவில் டிக்கெட் மெஷினுக்குக் காகிதம் மாற்றிக்கொண்டே சொன்னார். கொர்ராதோவுக்கு எழுபத்தொன்பது வயது. குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாராம்.

"நான் வரல. வந்தா எந்தக் கையை ஒளிக்கறது?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரேடியோ எங்க ஆபீஸ்லயும்தான்டா ஓடுச்சு. சான்றிதழ் வாங்க வர்றவன் எல்லாம் ஜன்னல்ல குனிஞ்சு என் கையைப் பாத்தான். ஒருத்தன், 'அவசரமில்ல சார், இடக்கையாலயே எழுதுங்க'ன்னான். ரெண்டு வாரம் பாக்கெட்டுலேர்ந்து கையை எடுக்கவே கூச்சமா இருந்துது."

"ஏம்ப்பா, அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"என்னத்தைக் கேக்கறது? எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. இவனுக்கு வேற அப்பா வேணும்போல இருக்குன்னு மட்டும் புரிஞ்சுது."

இதைச் சொல்லிவிட்டு ஃபௌஸ்தோ காகிதச் சுருளைத் தலைகீழாகப் போட்டார். நான் சரிசெய்தேன்.

"பாட மாட்டேன்னு சொல்லிடலாமே," என்றேன். அவரிடம் நானாகப் பேசிய சில சமயங்களில் அது ஒன்று.

"சொல்லலாம்," என்றார். "ஆனா எனக்குப் பாடணும். கல்யாணம் ஆச்சு, அது போச்சு. வண்டி ஓட்டறேன், அது யார் வேணா ஓட்டுவாங்க. நான் செஞ்சதுன்னு இருக்கறது இந்த மூணு நிமிஷம் பதினோரு செகண்டுதான். அது என்னுதா இல்லையான்னு தெரிஞ்சாகணும். இல்லேன்னா இனிமே அதை முனகக்கூட மாட்டேன்."

அன்று மாலை லெயார்கோவுக்குப் போன் செய்தார். மோதெனா பக்கத்தில் ஏதோ ஒரு லிஃப்டுக் கூண்டின் மேல் நின்றுகொண்டு லெயார்கோ பேசினார். "என்கிட்ட ஏன் கேக்கறே? நான் குடுத்தது என்னோட பொருள் இல்ல. எங்கப்பாகிட்டயே கேளு. வீட்டுலதான் இருப்பாரு. பதினோரு மணிக்குப் போ, அதுக்கப்புறம் தூங்கிடுவாரு." போனை வைத்துவிட்டார்.

"நீயும் வா," என்றார் ஃபௌஸ்தோ என்னிடம். "நீ பேச மாட்டே. அதுக்குத்தான்."

லெயார்கோவின் அப்பா வானெஸ் பொன்ஃபாத்தியின் வீடு கோர்த்திச்செல்லா பகுதியில், மூன்றாம் மாடி. எண்பத்தொரு வயது. கதவை அவரே திறந்தார். அடுப்பில் எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்கட்டு மேசையில் அவரைக்காய். வலக்கையில் மிஞ்சியிருந்த கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே காயைப் பிடித்துக்கொண்டு இடக்கையால் நார் எடுத்தார். எங்களால்கூட முடியாத வேகத்தில் எடுத்தார்.

"பேருந்துல உன்னைப் பாத்திருக்கேன். முன்னாடி கண்ணாடியில ஒன் மூஞ்சி தெரியும்," என்றார். "ஏதாவது கேக்கணும்னு வந்திருக்கே. இல்லேன்னா இருபது வருஷம் கழிச்சு எவனும் படியேறி வர மாட்டான்."

ஃபௌஸ்தோ தம் கதையைச் சொன்னார். நன்றாகச் சொல்லவில்லை, பாதியில் முன்னும் பின்னும் போனார். பெரியவர் நிறுத்தாமல் நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "லெயார்கோ அவங்கம்மாகிட்ட போட்டுக் காட்டினான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சான். உங்கப்பான்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்ல. என்னை யாரும் கேள்வி கேக்கல பாரு, அது நிம்மதியா இருந்துது."

"அப்ப நான் பாடலாமா?"

"அந்தத் தட்டு விஷயம் தப்பு."

"எந்தத் தட்டு?"

"காப்புத் தட்டை மொதலாளி கழட்டச் சொன்னான்னு பாடறே. அந்த மிஷின்ல தட்டே கெடையாது. ரெண்டு பொத்தான். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் பிரஸ் எறங்கும். ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா விரல் உள்ள போகாது இல்ல? அதான் பாதுகாப்பு. ஆனா ரெண்டு கையால அமுக்கினா மணிக்கு இருநூறு பீஸ்தான் வரும். ஒரு பொத்தானைக் கம்பியால கட்டிட்டா, ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கையால தகரத்தை வைக்கலாம். முந்நூறு வரும்."

"யாரு கட்டினது?"

"நான். என் மிஷின்ல நான். பக்கத்து மிஷின்ல பக்கத்துக்காரன். எல்லாரும்தான். போர்மேன் தினம் மூணு தடவை அந்த வழியாப் போவான், கம்பி இருக்கற பக்கம் மட்டும் திரும்பவே மாட்டான். நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்தப்ப கம்பி அங்க இல்ல. எவனோ எடுத்துட்டான். நானும் கேக்கல. வீட்டுல தட்டுன்னு சொன்னேன். பையனுக்கு அது போதும்னு நெனச்சேன்."

எலும்புச் சாறு பொங்கியது, நான் எழுந்து தீயைக் குறைத்தேன்.

"பாடு," என்றார் வானெஸ். "ஆனா என் பேரைப் போட்டுப் பாடு. கம்பியையும் போடு. தட்டைப் பாடினேன்னா நான் அங்கேயே எழுந்து தப்புன்னு சொல்லுவேன். வயசாயிடுச்சு, இனிமே எனக்கென்ன."

படியிறங்கும்போது ஃபௌஸ்தோ பாதி மாடியில் நின்றார். "மொரேனோ கேட்டா செத்தே போவான்," என்றார். "உண்மைன்னு நம்பினதுலயே உண்மை இல்லைன்னா அவன் எங்க போயி நிப்பான்?" பிறகு, "நான் எங்க நிக்கறது?" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மே ஒன்றுக்குப் பதினாறு நாள் இருந்தது. ஷிப்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட இடைவெளி கிடைக்கும். காலிப் பேருந்தில் நின்று எனக்குப் பாடிக் காட்டினார். 'என் அப்பா' இருந்த இடத்தில் 'வானெஸ்' ஒரு மாதிரி உட்கார்ந்தது. கம்பிதான் உட்காரவில்லை. அந்தப் பீட் பொய்க்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. இரண்டு பொத்தான், ஒரு கம்பி, முந்நூறு பீஸ், திரும்பாத போர்மேன் எல்லாவற்றையும் நான்கு வரியில் அடைக்கப் பார்த்தார். மூச்சு முட்டியது. போலி ஆங்கிலத்தில் ஒரு முறை உளறியும் பார்த்தார். பிறகு அவரே வெட்கப்பட்டு நிறுத்தினார்.

மிலேனாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று டிப்போ வாசலுக்கு வரச் சொன்னார். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பாட்டுல வர்ற அப்பா உங்க அப்பா இல்லையா? சரி, அது ஒழியட்டும். கம்பியை எதுக்குப் பாடறீங்க? அதைக் கேட்டா மொதல்ல கை தட்டறது மேனேஜர்தான். 'பாத்தியா, அவனே கட்டிக்கிட்டான்'னு சொல்லுவான். எத்தனை வருஷமா இதுக்கு எதிராத்தான் சண்டை போடறோம்னு தெரியுமா?"

"போர்மேன் பாக்காம போனதையும் பாடறேனே."

"அது எவன் காதுல விழும்? கம்பிதான் விழும். பழசையே பாடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவரு முன்வரிசையில இருப்பாரு."

மிலேனா கையிலிருந்த கூட்ட நோட்டீஸைப் பார்த்தார். அதில் ஃபௌஸ்தோவின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. "என் பேச்சு முடிஞ்சதுக்கு அப்புறம் பாடுங்க," என்றார். "கூட்டம் கலையற நேரம். நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

மே ஒன்றாம் தேதி காலை ஒன்பதரை. தொழிற்சாலை வாசலில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். குழந்தைகள், சைக்கிள்கள், சிவப்புக் கொடிகள். ஒரு மேசையில் பொரித்த மாவும் மொர்தாதெல்லா இறைச்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வானெஸுக்கு ஒரு மடக்கு நாற்காலி. கோட்டுப் பையில் சிவப்புப் பூ. கூட்டத்தின் ஓரத்தில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து மொரேனோ நின்றுகொண்டிருந்தார். யாரையும் பார்க்காதவர்போல இருந்தார்.

மிலேனா பேசி முடித்தார். பலர் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். ஃபௌஸ்தோ மைக்கை எடுத்தார். முன்னுரை பேசுவது என்று ஏதோ எழுதி வைத்திருந்தார், அதை எடுக்கவில்லை. "இது எங்கப்பாவோட கதை இல்ல," என்று மட்டும் சொன்னார். "எங்கப்பா பிறப்புப் பதிவேடு எழுதினவரு. இது அதோ ஒக்காந்திருக்கற வானெஸோட கதை. பழைய பாட்டுல ஒரு தப்பு இருந்துது."

பீட் தொடங்கியது. முதல் இரண்டு வரிக்குக் கூட்டம் கூடவே பாடியது, பழைய சொற்களில். 'என் அப்பா' என்று அவர்கள் சொல்ல 'வானெஸ்' என்று இவர் சொல்ல இரண்டும் மோதின. அதில் தடுமாறினார். கம்பி வரும் இடத்தில் பீட்டுக்குப் பின்னால் போய்விட்டார், பிடிக்க ஓடினார், ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார். பொத்தானும் கம்பியும் மட்டும் தெளிவாகக் கேட்டன. போர்மேன் வரி ஸ்பீக்கரில் கரகரத்தது. மூன்று நிமிடம் பதினோரு விநாடியில் முடிந்தது. கைதட்டினார்கள், மரியாதைக்குத் தட்டுகிற அளவுக்கு. நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

ஃபௌஸ்தோ நேராக வானெஸிடம் போனார். பெரியவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"வேகமாப் பாடறே. பாதி புரியல," என்றார். "புரிஞ்ச பாதி சரி."

மொரேனோ கம்பத்தை விட்டு வந்திருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை: "மோசம்."

"தெரியும்."

"நீ பாடினதுலயே இதுதான் மோசம். நாலு எடத்துல பீட்டை விட்டு வெளிய விழுந்தே. அமெரிக்காவுல இப்படிப் பாடினா பாட்டிலால அடிப்பான்."

"தெரியும்டா கிழவா."

"அந்தப் பழைய பாட்டு எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா," என்றார் மொரேனோ. "ஒரு எழுத்துகூட மாத்த வேண்டியதில்லாம இருந்துது."

ஃபௌஸ்தோ பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது ஒரு பெண் அவர்களிடம் வந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் நீலத் துணி, தள்ளுவண்டியில் குழந்தை. பிரஸ் செக்ஷனில் வேலை செய்யும் இல்ஹாம் என்று பிறகு தெரிந்தது. ஃபௌஸ்தோவைப் பார்க்காமல் வானெஸைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க கம்பி கட்டினீங்களா?"

"ஆமாம்மா."

"நாங்க கம்பி கட்டறதில்ல. டேப் ஒட்டறோம். பழுப்பு டேப். ஷிப்டு முடியறப்ப உரிச்சுடுவோம். தடமே தெரியாது."

கொஞ்சம் தள்ளி நின்று தோரணம் அவிழ்த்துக்கொண்டிருந்த மிலேனா திரும்பினார். "என்ன சொன்னே?"

இல்ஹாம் பயந்துபோனாள். "ஒண்ணுமில்லக்கா."

"அந்த ரெண்டு விபத்தும்..." மிலேனா முடிக்கவில்லை. "என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா எங்க தப்புன்னு ஆயிடும். இதுவரைக்கும் யாரும் வெளிய சொல்லலையே. இவரு இப்ப மைக்குல சொல்லிட்டாரு, அதான்."

ஃபௌஸ்தோ தன் கையைக் குனிந்து பார்த்தார். மைக் இன்னும் அவரிடம்தான் இருந்தது. அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று அணைத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மிலேனா பையில் பேனா தேடினார். கிடைக்கவில்லை. மொரேனோ சட்டைப் பையிலிருந்து தம் கடைப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"உன் பேரு எழுத மாட்டேன்," என்றார் மிலேனா. "யாரு பேரும் வேண்டாம். எத்தனை மிஷின்? எந்தெந்த நம்பர்?"

இல்ஹாம் வாசலைப் பார்த்தாள். விடுமுறை நாள், இரும்புக் கதவு பூட்டியிருந்தது. வானெஸ் தம் நாற்காலியை இடக்கையால் இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு," என்றாள் அவள். "மொத வரிசையில ஏழும் எட்டும். ரெண்டாவதுல..."